டிஎன்ஏ மேல் போடச் சொன்ன பழி

“மியூட்டேஷன்னு ஒரு வார்த்தை சொல்லிடு பாப்பா. யாருக்கும் வம்பில்ல.”

இதைச் சொன்னவர் எங்கள் ஊரில் விதைநெல் பண்ணை வைத்திருப்பவர். பல வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பியவர் என்பதால் ஊரே அவரைச் சிங்கப்பூர்க்காரர் என்றுதான் சொல்லும். நாங்கள் அவருடைய வயல் வரப்பில் நின்றிருந்தோம். என் கையில் அவர் வீட்டிலிருந்து வந்த தேநீர், காகிதக் கோப்பையில். அவர் கையில் எவர்சில்வர் டம்ளர். நான் அப்போது தஞ்சாவூரில் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம். செல்கள் தங்கள் டிஎன்ஏவை எப்படிப் படியெடுக்கின்றன, அதில் விழும் தப்புகளை எப்படித் திருத்துகின்றன என்பதுதான் என் ஆய்வுத் திட்டம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போனவர் யாரும் கிடையாது.

நான் படித்த படிப்பு முதன்முதலாக ஊரில் ஒருவருக்குத் தேவைப்பட்டது, பொய் சொல்வதற்கு. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

அவர் ஏன் அந்தப் பொய்யைக் கேட்டார் என்று சொல்வதற்கு அம்மாவின் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மா கலவன் எடுப்பவள். விதைக்கென்று வளர்க்கும் நெல் வயலில் வேறு ரகத்துச் செடி ஒன்றுகூட நிற்கக் கூடாது. ஆனால் எப்படியும் சிலது நிற்கும். போன போகத்தில் சிந்திய நெல் முளைத்திருக்கும், நாற்றங்காலில் கலந்திருக்கும், களத்தில் அள்ளும்போது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்த வேற்றுச் செடிகளுக்குத்தான் கலவன் என்று பெயர். ஏழு பெண்கள் கைக்கு எட்டும் தூரம் விட்டு வரிசையாக வயலில் இறங்குவார்கள். அடி அடியாக நடந்து, ஒவ்வொரு தூரையும் பார்த்து, கலவனை வேரோடு பிடுங்கி, இடுப்பில் செருகிய சாக்குப் பைக்குள் போடுவார்கள். பிடுங்கியதை வரப்பில்கூட வைக்க மாட்டார்கள், வேர் பிடித்துக்கொள்ளும் என்று. ரோட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் கொட்டுவார்கள். ஒரு தடவை போன வழியில், ஆளை மாற்றி நிறுத்தி, மறு தடவையும் போவார்கள். முதல் ஆள் கண்ணுக்குத் தப்பியது இரண்டாம் ஆள் கண்ணுக்குத் தப்பாது.

இதெல்லாம் கதிர் வருவதற்கு முன்னால் நடக்க வேண்டும். கதிர் வந்துவிட்டால் உயரத்தையும் நெல்லின் வடிவத்தையும் பார்த்து யார் வேண்டுமானாலும் கலவனைக் காட்டிவிடலாம். ஆனால் பூத்தபின் அதன் மகரந்தம் பக்கத்துச் செடிக்குப் போகும். நெல்லில் அது கொஞ்சம்தான், ஆனாலும் விதைக்கு அந்தக் கொஞ்சமும் ஆகாது. எல்லாச் செடியும் ஒரே பச்சையாக நிற்கும்போதே கண்டுபிடிப்பதுதான் வேலை. அம்மா குனிந்து இலைகளை ஒதுக்கித் தூரைப் பார்ப்பாள். தூரில் லேசான ஊதாச் சாயம், இலை மடங்கும் இடத்தில் ஒரு வெளிறல், இலை நிற்கும் கோணத்தில் ஒரு வித்தியாசம். பார்த்த மாத்திரத்தில் கை போய்விடும். விடுமுறை நாட்களில் நானும் அந்த வரிசையில் எட்டாவது ஆளாக நடந்திருக்கிறேன். பத்து வயதிலிருந்து அம்மாவின் இடது பக்கம் என் இடம்.

கல்லூரியில் டிஎன்ஏ படியெடுப்பைப் பற்றிய பாடம் வந்தபோது நான் வகுப்பில் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் என்ன என்று கேட்டாள். “இது எங்க அம்மா வேல” என்றேன். “உங்க ஊர்ல எல்லாத்துக்கும் வயல்தானா?” என்று அவள் உதட்டைச் சுழித்தாள். சுழித்தால் சுழிக்கட்டும். எனக்குப் பாடம் அந்த வருடம் யாரையும்விட நன்றாகப் புரிந்தது.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன்னிடமுள்ள டிஎன்ஏ முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். நெல்லின் ஒரு முழுத் தொகுப்பு சுமார் நாற்பது கோடி எழுத்து. முறுக்கிய இரண்டு இழைகளும் பிரியும். ஒவ்வொரு பழைய இழைக்கும் எதிரே புதிய இழை ஒன்று எழுத்து எழுத்தாகக் கோக்கப்படும். கோக்கும் நொதி லட்சத்துக்கு ஒரு எழுத்தைத் தப்பாக வைக்கும். வைத்த உடனே அதுவே ஓரடி பின்வாங்கி, பொருந்தாத எழுத்தைக் கழற்றி எறிந்துவிட்டுச் சரியானதை வைக்கும். அப்படியும் தப்பிப்போனதைப் பின்னால் வரும் இன்னொரு கூட்டம் பிடிக்கும். அவை புதிய இழை எது, பழைய இழை எது என்று அடையாளம் கண்டு, புதியதில் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டு, பழையதைப் பார்த்து மறுபடி நிரப்பும். இரண்டு தடவையும் போய் முடித்த பின் மிச்சமிருப்பது ஏறக்குறைய நூறு கோடிக்கு ஒரு தப்பு.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு கெடு உண்டு. அடுத்த படியெடுப்புக்குள் திருத்தியாக வேண்டும். விட்டுவிட்டால், தப்பான எழுத்தைப் பார்த்து அதற்குப் பொருத்தமான எழுத்தை கோக்கும் நொதி எதிரே கோத்துவிடும். இரண்டு இழையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய்விடும். அதன்பின் அதைத் தப்பு என்று சொல்லச் செல்லுக்குள் சாட்சியே இருக்காது. மியூட்டேஷன் என்பது அப்படி நிலைத்துப்போன தப்பு. அது சும்மா வாயில் போட்டுத் துப்பும் வார்த்தை இல்லை.

என் ஆய்வுத் திட்டத்தில், திருத்தும் கூட்டத்தில் ஒரு புரதம் இல்லாத ஈஸ்ட்டை வளர்த்தேன். நச்சு கலந்த தட்டில் சாதாரண ஈஸ்ட்டைத் தடவினால் புள்ளி புள்ளியாக ஒன்றிரண்டு மட்டும் முளைக்கும். மாறிப்போனவை மட்டும்தான் அந்த நச்சைத் தாங்கும். திருத்த ஆளில்லாத ஈஸ்ட்டைத் தடவினால் தட்டு முழுக்க அள்ளித் தெளித்ததுபோல் முளைக்கும். ஒவ்வொரு தட்டையும் பார்க்கும்போது எனக்குள் ஒரு எண்ணம் ஓடும்: வேலை செய்யும்வரை இந்தக் கூட்டத்தை யாரும் கண்டுகொள்வதில்லை, ஒரு நாள் இல்லாமல் போனால்தான் தெரிகிறது.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. சிங்கப்பூர்க்காரர் வயலில் வடிவாய்க்காலை ஒட்டிய மேலண்டை மூலை தாழ்வு. அங்கே தண்ணீர் வடியாமல் நின்று நட்ட நாற்று அழுகிவிட்டது. அவர் என்ன செய்தார் என்றால், பக்கத்து வயலில் மீந்து கிடந்த நாற்றை வாங்கிவந்து அந்த மூலையை நட்டு நிரப்பிவிட்டார். அது வேறு ரகம். சாப்பாட்டு நெல் என்றால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, டெல்டாவில் எல்லாரும் செய்வதுதான். சொட்டை விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்த விவசாயிக்கும் மனம் வராது. ஆனால் இது பதிவு செய்த விதைப் பண்ணை.

கார்த்திகைக் கடைசியில் அம்மாவின் கூட்டம் அந்த வயலில் இறங்கியது. மழைக்குக் கல்லூரி விடுமுறை, நானும் இறங்கினேன். மேலண்டை மூலைக்கு வந்ததும் அம்மா குனிந்தாள். ஒரு தூரைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், நிமிர்ந்து நின்றுவிட்டாள்.

“தம்பி, இங்க வாங்க. இது கலவன் இல்லீங்க. மூலை முழுக்க வேற நாத்து.”

வரப்பில் நின்றபடியே சிங்கப்பூர்க்காரர் சொன்னார். “ஆமாக்கா, மழையில போயிடுச்சில்ல, அதான் வச்சேன். அதை விட்டுடுங்க. மத்த இடத்தைப் பாருங்க.”

“விதை வயலுங்க தம்பி.”

“தெரியும்க்கா. அதைப் பிடுங்குனா இவ்வளவு பெரிய ஓட்டை தெரியும். ஆபீஸர் வந்தா என்ன நினைப்பாங்க? நான் அப்புறம் ஆள வச்சு எடுத்துக்குறேன்.”

சின்னம்மா, அம்மாவின் தங்கை, வரிசையின் கடைசியில் நின்றவள், சத்தமாகவே சொன்னாள். “வழுக்கை விழுந்தா அடுத்தவன் மசுர வெட்டி ஒட்டிக்கிட்டானாம். நல்லாருக்கு.”

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. “பூக்குறதுக்குள்ள எடுத்துடுங்க தம்பி” என்று கரையேறும்போது ஒரு தடவையும், போகும்போது ஒரு தடவையும் சொன்னாள். அவர் இரண்டு தடவையும் தலையாட்டினார்.

எடுக்கவில்லை. மார்கழியில் அந்த மூலை மட்டும் மற்றதைவிட ஒரு சாண் உயரமாக, முன்னதாகவே பூத்து நின்றது. விதைச் சான்று அலுவலர் வந்தார். ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெண்மணி, மேடம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வரப்பிலிருந்து பார்த்த உடனேயே, “கலவனே எடுக்கலையே?” என்று கேட்டிருக்கிறார்.

“ஆள் விட்டு எடுத்தேன் மேடம். அதுங்க சரியா பாக்காம ஏமாத்திட்டுப் போயிடுச்சுங்க.”

மூன்று நாள் கழித்து மறுபடி வருகிறேன், அதற்குள் சரிசெய்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் அலுவலர். சிங்கப்பூர்க்காரர் அதே வார்த்தையை அன்று சாயங்காலம் டீக்கடையிலும் சொல்லியிருக்கிறார். அம்மாவை நேரில் பார்த்தால் அக்கா. டீக்கடையில் அதுங்க.

அன்று ஏழு மணிக்கெல்லாம் அம்மாவின் போன் அடித்தது. அடுத்த ஊரில் விதைப் பண்ணை வைத்திருப்பவர். “இந்த வாரம் வர வேணாம்க்கா. அப்புறமா சொல்றேன்.” அரை மணி கழித்து இன்னொருவர், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், அதே பேச்சு. இந்த வேலை ஒப்பந்தம், கையெழுத்து, சான்றிதழ் எதிலும் ஓடுவதில்லை. அந்தக் கூட்டம் கலவனை விடாது என்கிற ஒரே பேச்சில் ஓடுகிறது. பதினைந்து வருடத்தில் அம்மா சேர்த்த ஒரே சொத்து அந்தப் பேச்சுதான். நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது, அறுப்புக்கு இயந்திரம் வந்துவிட்டது. ஏழு பெண்களுக்கும் கண்ணை வைத்துப் பிழைக்கிற இந்த ஒரு வேலைதான் மிச்சமிருந்தது. அது ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் போய்விடும் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அம்மா போனை வைத்துவிட்டு, “மறுபடி ஆபீஸர் வர்ற அன்னிக்கு நாம ஏழு பேரும் போயி நிப்போம்” என்றாள். நான் கல்லூரிக்கு விடுப்புச் சொன்னேன்.

அப்படித்தான் அந்த வரப்பில் என் கைக்குக் காகிதக் கோப்பை வந்தது. அலுவலர் இன்னும் வரவில்லை. ஏழு பெண்களும் மடையோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இப்படி வந்து நிற்பார்கள் என்று சிங்கப்பூர்க்காரர் எதிர்பார்க்கவில்லை. என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

“நீ ஜீன் சம்பந்தமாத்தானே படிக்கிற?”

“டிஎன்ஏ படியெடுக்குறது பத்திங்க.”

“அதான். நானும் யூடியூப்ல பாத்தேன். மழை, தண்ணி நின்னது, வெயில், இதுல எல்லாம் செடி தன்னால மாறுமாம்ல? மியூட்டேஷன். நீ படிச்ச புள்ள, நீ சொன்னா மேடம் கேப்பாங்க. இது இயற்கையா ஆனதுன்னு சொல்லிடு. உங்க அம்மா மேலயும் பழி இல்ல, என் மேலயும் இல்ல. நானே டீக்கடையில மாத்திச் சொல்லிடுறேன்.”

“அப்ப பழி யாரு மேல?”

“அது… இயற்கை மேல.” அவர் சிரித்தார். “டிஎன்ஏ என்ன கோர்ட்டுக்கா போகப்போவுது?”

நான் மடையோரம் வந்து அம்மாவிடம் சொன்னேன். மற்றவர்களும் கேட்டார்கள். சின்னம்மாதான் முதலில் பாய்ந்தாள்.

“சொல்லித் தொலையேன்டி! ஒரு வார்த்தைதானே? அந்த ஆளே டீக்கடையில மாத்திச் சொல்றேங்குறான். ரெண்டு வயலும் திரும்பி வந்துடும். இதுக்கில்லாம எதுக்குப் படிச்ச?”

“பொய் சின்னம்மா.”

“அவன் சொன்னது மட்டும் நெசமா? அவன் சொன்னா ஊரு நம்புது. நீ சொல்லு, ஆபீஸர் நம்பட்டும்.”

சின்னம்மாவின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு வீட்டில் மூன்று பெண்கள். கோபம் வேறு பக்கம் போனது. எங்கள் கையில் உள்ள வேலையைத் தட்டிப் பறித்துவிட்டு, திருப்பித் தருவதற்கு என் வாயிலிருந்து ஒரு பொய்யைக் கேட்கிறார், அதையும் எங்களுக்குச் செய்யும் தயவு மாதிரிக் கேட்கிறார்.

அம்மா மட்டும் ஒன்று கேட்டாள். “அப்படி ஆவுமா? செடி தன்னால மாறுமா?”

“மாறும். எங்கயாவது ஒண்ணு. அதுவும் உங்க கண்ணுக்குத் தெரியுற மாதிரி மாறுறது ரொம்ப அபூர்வம்.”

“மூலை முழுக்க?”

“ஆவாது.”

“ஆவவே ஆவாதா?”

“ஆவவே ஆவாதும்மா.”

“அப்ப சொல்லாத” என்றாள். “பொய் சொல்லித்தான் இவளுக பொழப்ப மீட்டாங்கன்னு நாளைக்கி அவனே சொல்வான்.”

அலுவலர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சிங்கப்பூர்க்காரர் முந்திக்கொண்டார். “மேடம், அந்த மூலையச் சரிபண்ணிட்டேன். அப்புறம் இந்தப் பொண்ணு டிஎன்ஏவுல எம்.எஸ்ஸி. படிக்குது. நம்ம ஊருப் புள்ளதான். அதுவே சொல்லும், இது மியூட்டேஷனாம்.”

அலுவலர் என்னைப் பார்த்தார். “அப்படியா?”

“இல்லைங்க மேடம்.”

“என்ன பாப்பா—” என்றார் சிங்கப்பூர்க்காரர்.

“எனக்கு இருபத்திரண்டு வயசாவுது. பாப்பா இல்ல.” அலுவலர் பக்கம் திரும்பினேன். “மேடம், செல் தப்பே பண்ணாதுன்னு நான் சொல்லல. பண்ணும். அதுவே திருத்தும், அதுக்கும் தப்பிச்சுச் சிலது நிக்கும். ஆனா அது எங்க விழும்னு ஒரு கணக்கு கிடையாது. ஒரு செடியில ஒரு எழுத்து மாறும், இன்னொண்ணுல வேற எங்கயோ மாறும். நூறு செடியில ஒரே உயரம், ஒரே தேதியில பூ, தூருல ஒரே ஊதா, அத்தனையும் ஒரே மூலையில, நேர் வரிசையில விழாது. வரிசை போட்டு நடுறது ஆளு. டிஎன்ஏ இல்ல.”

மடையோரம் யாரோ “அப்படிப் போடு” என்றார்கள். குரல் சின்னம்மாவுடையது மாதிரி இருந்தது.

“அந்த மூலையில இப்ப ஒண்ணும் உயரமாத் தெரியலையே?” என்றார் அலுவலர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. உண்மையாகவே மூன்று நாளைக்கு முன் ஒரு சாண் உயர்ந்து நின்ற மூலை இப்போது மற்ற வயலோடு சமமாக நின்றது. நானும் அப்போதுதான் கவனித்தேன். பிடுங்கியிருந்தால் அங்கே வெறும் சேறு தெரிய வேண்டும். ஆனால் பச்சையாக நிறைந்து நின்றது.

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். சேறு முழங்காலுக்கு மேல் ஏறியது. மூலைக்குப் போய் ஒரு தூரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கி வேரோடு இழுத்துக்கொண்டு வந்தாள். வரப்பில் அலுவலரின் காலடியில் போட்டாள். அடியில் ஊதாத் தூர். மேலே கதிர் இல்லை. தாள்கள் எல்லாம் ஒரே உயரத்தில், அரிவாளால் சீவிய வாய்கள். சீவிய இடத்துக்குக் கீழே கணுவிலிருந்து புதுத் துளிர் எட்டிப்பார்த்தது.

“நாங்க அரிவா கொண்டுட்டுப் போறதே இல்லீங்க மேடம்” என்றாள் அம்மா. “கையாலதான். வேரோடதான். இது கலவன் எடுத்தது இல்ல. கலவனுக்குக் கிராப்பு வெட்டுனது.”

அலுவலர் அந்தத் தூரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த மூலையில என்ன நாத்து வச்சீங்க?”

சிங்கப்பூர்க்காரர் வாய்க்கால் பக்கம் பார்த்தார்.

“நீங்க இந்த மூலைக்கு இறங்குனீங்களா?” என்று அலுவலர் அம்மாவிடம் கேட்டார்.

“இறங்குனோம். வேற நாத்துன்னு சொன்னோம். விட்டுடுங்கன்னாங்க. விட்டது எங்க தப்பு. அன்னிக்கே உங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருக்கணும். அது மட்டும்தான் எங்க தப்பு.”

அம்மா அதைச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. அலுவலர் படிவத்தை எடுத்து, முன்பு கலவன் எடுக்கவில்லை என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். எழுதும்போதே வாய்விட்டுப் படித்தார், எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் படித்தார் என்று இப்போது தோன்றுகிறது. வேறு ரக நாற்று நட்டது, மறைக்கக் கதிரை அறுத்தது, வயல் முழுவதும் விதைக்குத் தகுதியில்லை. மூலையை மட்டும் மறைக்காமல் முதலிலேயே பிடுங்கியிருந்தால் மிச்ச வயல் தேறியிருக்கும் என்றும் சொன்னார்.

ஸ்கூட்டர் போனபின் சிங்கப்பூர்க்காரர் வாயைத் திறந்தார். “படிக்க வச்சா இதான். நன்றிங்குறதே இல்ல.”

இந்த இடத்தில் நான் அவரிடம் என்ன சொன்னேன் என்று பெரிதாக எழுத ஆசைதான். எதுவும் வரவில்லை. என்னைப் படிக்க வைத்தது கலவன் பிடுங்கிய கை. அதில் அவர் பங்கு என்ன, எதற்கு நன்றி என்று கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதுதான் தோன்றியது. அப்போது பேசியது அம்மாதான்.

“தம்பி, டீக்கடையில சொன்னீங்கள்ல. அங்கயே போயி இன்னிக்கி நடந்ததையும் சொல்லிடுங்க.”

“போங்கக்கா, வேலையப் பாருங்க” என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டீக்கடைப் பக்கம் அவர் ஒரு வாரம் தலைகாட்டவில்லை.

அவர் போகாவிட்டால் என்ன? திரும்பும் வழியில் சின்னம்மா அந்தச் சேறு சொட்டும் தூரைக் கையோடு கொண்டுவந்து டீக்கடை பெஞ்சில், செய்தித்தாளுக்கு மேல் வைத்தாள். “பாத்துக்குங்க ஐயா, சிங்கப்பூர் கட்டிங். அவரு வெட்டலயாம், இயற்கை வெட்டுச்சாம், எங்க அக்கா மவ படிக்கிற டிஎன்ஏ வெட்டுச்சாம்.” டீ ஆற்றுபவர் பெஞ்சைத் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு வந்தவர், அப்படியே நின்று சிரித்தார். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் தாளைத் தொட்டுப் பார்த்தார்கள். காலையில் பொய் சொல்லச் சொன்னவள் இவள்தானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. அடுத்த ஊர்க்காரர் இரண்டாம் நாள் போன் செய்து வரச் சொன்னார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரர் கூப்பிடவே இல்லை. ஆபீஸர் முன்னால் வாய் பேசுகிற ஆட்கள் நமக்கு எதற்கு என்று சொன்னாராம். முதலில் எங்கள் கூட்டம் சரியாகப் பார்க்காது என்றார்கள். இப்போது சரியாகப் பார்த்துவிடும் என்று பயப்படுகிறார்கள். இரண்டுக்கும் தண்டனை ஒன்றுதான். இது நியாயமா என்று அம்மாவிடம் கொதித்தேன். அவள் சாக்குப் பைகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அவன் வயல்லயும் ஒரு மூலை இருக்கும்” என்றாள்.

அடுத்த ஊர் வயலுக்கு நானும் போனேன். பின்பட்ட நடவு, இன்னும் கதிர் வரவில்லை. ஏழு பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். நான் எட்டாவது. வழக்கமாக நின்ற கையோடு இறங்கிவிடுவார்கள். அன்று அம்மா இறங்கவில்லை. வயலுக்குச் சொந்தக்காரர் கையில் போனோடு நின்றிருந்தார், ஏன் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

“நட்டதுக்கு அப்புறம் எங்கயாச்சும் வேற நாத்து வச்சீங்களாண்ணே?”

“எதுக்குக் கேக்குறீங்க?”

“சொல்லுங்க. சொன்னாத்தான் இறங்குவோம்.”

அவர் முகம் கோணியது. போனைச் சட்டைப் பையில் போட்டார். வடக்குப் பக்கம் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பெண்களில் ஒருத்தியும் காலை எடுத்து வைக்கவில்லை. இதுவும் போய்விடுமோ என்று நான் அம்மாவைப் பார்த்தேன்.

“மடைகிட்ட கொஞ்சம்” என்றார் கடைசியில். “நண்டு வெட்டிப்போட்ட எடம். பத்துப் பதினஞ்சு தூரு.”

“அப்ப அதுலேருந்து ஆரம்பிக்கிறோம். அத்தனையும் வெளிய வந்துடும். ஓட்டை தெரியும். பரவாயில்லயா?”

“ம்” என்றார்.

“வாய்விட்டுச் சொல்லுங்கண்ணே. இத்தனை பேரு நிக்கிறாங்க.”

“எடுத்துடுங்க” என்றார் சத்தமாக, எரிச்சலோடு.

அம்மா மடைப்பக்கம் நடந்து சேற்றில் காலை வைத்தாள்.